அரேத்தா ஃபிராங்க்ளினின் ‘அமேசிங் கிரேஸ்’: மூன்று வடிவங்களில் எதை வாங்குவது?

இசைச் செயலியில் ‘அமேசிங் கிரேஸ்’ என்ற பழைய கிறிஸ்தவப் பாட்டின் பெயரைத் தட்டினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பைப் வாத்தியக் குழுவிலிருந்து கிராமியப் பாடகர் வரை எல்லாரும் அந்தப் பெயரில் ஆல்பம் போட்டிருக்கிறார்கள். அமெரிக்கப் பாடகி அரேத்தா ஃபிராங்க்ளின் பெயரைச் சேர்த்துத் தேடினாலும் குழப்பம் தீராது. ஒரே நிகழ்ச்சி மூன்று சரக்காகக் கிடைக்கிறது. முதலாவது, 1972 ஜூனில் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டு. இதில் 14 பகுதிகள், மொத்தம் 86 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது, 1999-இல் ரைனோ நிறுவனம் வெளியிட்ட ‘முழுப் பதிவு’, இரண்டு சிடி. மூன்றாவது, 2018 நவம்பரில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட படம், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்.

மூன்றும் 1972 ஜனவரி 13, 14 ஆகிய இரண்டே இரவுகளில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த பாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் முழுப் பதிவை வாங்குங்கள். இசைத்தட்டு வடிவம் மோசம் என்று சொல்லவில்லை. அது அரேத்தாவின் ஆல்பங்களிலேயே அதிகம் விற்றது. அமெரிக்காவில் மட்டும் இருபது லட்சத்தைத் தாண்டி இரட்டை பிளாட்டினம் வாங்கியது, கிராமி விருதும் கிடைத்தது. ஆனால் அது கூட்டிச் சேர்த்த சாப்பாடு. உலை வைத்ததிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் முழுப் பதிவுதான்.

எதைக் கேட்கிறோம் என்று தெரிந்துகொள்ள அவருடைய தொழில் வாழ்க்கையை ஓரளவு தெரிந்துவைத்திருக்க வேண்டும். அரேத்தா 1942 மார்ச் 25 அன்று மெம்ஃபிஸில் பிறந்தார், வளர்ந்தது டெட்ராய்ட்டில். அப்பா சி. எல். ஃபிராங்க்ளின் அங்கே நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சர்ச்சின் போதகர். அவருடைய பிரசங்கங்கள் இசைத்தட்டாக வெளிவந்து விற்றன என்றால் அவர் எப்படிப்பட்ட பேச்சாளர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சர்ச்சிலேயே 1956-இல், 14 வயதில், பியானோ வாசித்தபடி அரேத்தா பாடியது முதல் பதிவானது. 1960-இல் கொலம்பியா நிறுவனத்துடன் ஒப்பந்தம். ஆறு வருஷம் ஜாஸும் பழைய பிரபலப் பாட்டுகளுமாகப் பாடவைத்தார்கள், குரல் இருந்தது, இடம் அமையவில்லை. 1966 கடைசியில் அட்லாண்டிக்குக்கு மாறினார். 1967 ஜனவரியில் அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் இருக்கும் ஃபேம் ஸ்டுடியோவில் ஒரே நாள் பதிவு. ஒரு பாட்டு முடிந்தது, இன்னொன்று பாதியில் நின்றது, சண்டை வந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் நியூயார்க்கில் முடிந்தது. அந்த ஆல்பத்தில்தான் அவரைப் புகழுக்கு ஏற்றிய ‘ரெஸ்பெக்ட்’ பாட்டு இருக்கிறது.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: சர்ச்சில் வளர்ந்த பெண் உலகப் பாட்டுக்குப் போனார், புகழ் பெற்றார், 1972-இல் திரும்பி வந்தார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் காது ஒப்புக்கொள்ளாது. ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை மறுபடி போட்டுப் பாருங்கள். பின்னணியில் தங்கைகாரி கேரலினும் அக்கா எர்மாவும் பாடும் விதம், அரேத்தா ஒன்று சொல்ல அவர்கள் குறுக்கே பதில் வீசும் விதம், எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைப் பழக்கம். இரண்டரை நிமிடத்துக்குள் அடக்கி வானொலிக்கு அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். 1972 பதிவில் அந்த நிமிடக் கணக்கை எடுத்துவிட்டார்கள். இசைத்தட்டின் மூன்றாம் பக்கத்தில் அப்பா ஃபிராங்க்ளின் எழுந்து இரண்டு நிமிடம் பேசுகிறார். வீட்டுக் கூடத்தில் ஆறேழு வயதில் மகள் பாடிய நாட்களை நினைவுகூர்ந்துவிட்டு, அவள் சர்ச்சை விட்டுப் போகவே இல்லை என்கிறார். இந்தப் பதிவுக்கு ஒரு விமர்சனம் எழுத வேண்டும் என்றால் அந்த ஒரு வரியே போதும். மற்றதெல்லாம் அதற்கு ஆதாரம் காட்டுவதுதான்.

இடம், நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் சர்ச். முன்பு சினிமாக் கொட்டகையாக இருந்து சர்ச்சாக மாறிய கட்டடம். பிரசங்க மேடைக்குப் பின்னால் சுவரில் இயேசுவின் பெரிய ஓவியம். நடத்துபவர் ரெவரண்ட் ஜேம்ஸ் கிளீவ்லாண்ட். டெட்ராய்ட்டில் அரேத்தாவின் அப்பா சர்ச்சில் இசைப் பொறுப்பில் இருந்தவர், சிறுமி அரேத்தாவுக்குப் பியானோ வழி காட்டியவர்களில் ஒருவர். சர்ச்சுக்குள் கூட்டத்தோடு கொயர், அதாவது பாடகர் குழுவின், பாட்டைப் பதிவு செய்து விற்கும் முறையை 1960-களில் நிலைநிறுத்தியவரும் அவர்தான். பாடுவது அவருடைய சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி கொயர். கொயரை நடத்துபவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். இவர்களோடு அட்லாண்டிக் தன் ஆட்களையும் இறக்கியது: கிட்டாரில் கார்னெல் டியூப்ரீ, பேஸ் கிட்டாரில் சக் ரெய்னி, டிரம்ஸில் பெர்னார்ட் பர்டி. சோல் எனும் கறுப்பின ஜனரஞ்சகப் பாட்டுகளுக்கு வாசித்துத் தேறிய கைகள். ஆர்கன் கென் லப்பர், காங்கோ மேளம் பாஞ்சோ மொராலஸ்.

இந்தக் கலவைதான் பதிவின் பலம். சாதாரணமாகச் சர்ச் பதிவுகளில் தாளக் கருவிகள் கொயருக்குப் பின்னால் எங்கேயோ தட்டிக்கொண்டிருக்கும். இங்கே ‘ஹவ் ஐ காட் ஓவர்’ பாட்டில் ரெய்னியின் பேஸைத் தனியாகப் பின்தொடர்ந்து கேளுங்கள். ஓடுகிற பாட்டை அது ஓடவிட்டே இழுத்துப் பிடிக்கிறது. பர்டி கூட்டத்தின் கைத்தட்டலோடு சண்டை போடுவதில்லை. கைத்தட்டல் இரண்டாவது, நான்காவது அடியில் விழ, அவர் அதற்கு அடியில் புகுந்துகொள்கிறார். அந்தப் பாட்டை எழுதிய கிளாரா வார்டு அரேத்தாவின் சிறுவயது ஆதர்சம். இரண்டாம் இரவு அவரே கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

இனி வடிவங்களின் வேறுபாட்டுக்கு வருவோம். இசைத்தட்டு ‘மேரி, டோன்ட் யூ வீப்’ பாட்டோடு ஆரம்பிக்கிறது. அது உண்மையில் இரண்டாம் இரவு, வெள்ளிக்கிழமை, வெகுநேரம் கழித்துப் பாடப்பட்டது. கூட்டம் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும்போது எடுத்த பாட்டை முதலில் வைத்திருக்கிறார்கள். விற்பனைக்கு அது சரி. ஆனால் முழுப் பதிவில் முதல் இரவு எப்படித் தொடங்குகிறது என்று கேளுங்கள். முதலில் ஆர்கன் மட்டும். கிளீவ்லாண்ட் பேசுகிறார்: இது பதிவு, ஆனால் இது சர்ச்சும்கூட, வாய் திறந்து பதில் சொல்லுங்கள் என்று கூட்டத்தைத் தயார்செய்கிறார். பிறகு கொயர் ‘ஆன் அவர் வே’ பாடிக்கொண்டு உள்ளே வருகிறது. அதற்குப் பிறகே அரேத்தா வந்து பியானோவில் உட்கார்ந்து ‘ஹோலி ஹோலி’ என்று மெல்ல ஆரம்பிக்கிறார். அது சோல் பாடகர் மார்வின் கேயின் பாட்டு, அதற்கு முந்தைய வருஷம்தான் வந்தது. அப்போது கூட்டம் இன்னும் சூடாகவில்லை. ‘ஆமென்’கள் ஒன்றிரண்டாக, கொஞ்சம் கூச்சத்தோடு விழுகின்றன. பாட்டுக்குப் பாட்டு அது ஏறுவதைக் கேட்பதுதான் இந்தப் பதிவின் அரைவாசி இன்பம். இசைத்தட்டில் அது கிடைக்காது.

முழுப் பதிவின் இன்னொரு லாபம், சில பாட்டுகள் இரண்டு இரவும் பாடப்பட்டிருப்பது. ‘ஹோலி ஹோலி’, ‘வாட் எ ஃபிரெண்ட் வீ ஹேவ் இன் ஜீசஸ்’, ‘கிளைம்பிங் ஹையர் மவுண்டன்ஸ்’, ‘பிரெஷஸ் மெமரீஸ்’ நான்கும் இருமுறை வருகின்றன. சாதாரண ரசிகருக்கு இது அலுப்பாகத் தோன்றலாம். பாடக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல பாடநூல் கிடையாது. எந்தச் சங்கதி முன்பே முடிவு செய்தது, எது அந்த நொடியில் பிறந்தது என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பிரித்துவிடலாம். ‘வாட் எ ஃபிரெண்ட்’ பாட்டில் தாளம் ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும், நம் கணக்கில் திஸ்ர நடை. அந்த மூன்றின் எந்த இடத்தில் அவர் சொல்லைத் தொடங்குகிறார் என்பதை மட்டும் இரண்டு இரவிலும் குறித்துவையுங்கள், ஒரு நாள் போதாது.

தலைப்புப் பாட்டுக்கு வருவோம். இசைத்தட்டில் இதன் நீளம் 10 நிமிடம் 45 விநாடி. பாடலை எழுதியவர் ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேயர், முன்பு அடிமைக் கப்பலின் தலைவனாக இருந்து பிற்பாடு போதகரானவர். 1779-இல் அச்சான அந்தப் பாட்டில் ஆறு சரணம். அந்தக் கப்பல்களில் வந்தவர்களின் சந்ததி அதைத் தங்கள் பாட்டாக்கிக்கொண்டது தனிக் கதை. இப்போது எல்லாரும் அறிந்த மெட்டு அமெரிக்காவில் 1835-இல்தான் இந்தச் சொற்களோடு அச்சேறியது. அந்த மெட்டு ஐந்து சுரத்துக்குள் அடங்கும். நம் காதுக்கு அது அப்படியே மோகனம்: ச, ரி, க, ப, த. மோகனத்தைப் பாடிப் பழகியவர்கள் இந்தப் பாட்டை முதல் தடவை கேட்டதும் பிடித்துக்கொள்வதற்கு அதுதான் காரணம்.

அரேத்தா செய்வது, அந்த ஐந்து சுரத்து வீட்டின் சுவரை இடிப்பது. அந்தர காந்தாரம் இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழிருந்து, சாதாரண காந்தாரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வருகிறார். சில நேரம் மேலே வராமல் இரண்டுக்கும் நடுவிலேயே நின்றுவிடுகிறார். மெட்டில் இல்லாத கைசிகி நிஷாதத்தைத் தொட்டுவிட்டுப் போகிறார். புளூஸ் இசையின் சுரங்கள் என்று சொல்லப்படுபவை இவைதான். தாளமே கிடையாது, விருத்தம் பாடுவது போல. ஒரு சொல்லின் ஒரே அசையைப் பிடித்து பிருகா உருட்டி, நிறுத்தி, கூட்டத்தின் பதிலுக்குக் காத்திருந்து, பிறகு அடுத்த அசைக்குப் போகிறார். இது அவர் கண்டுபிடித்ததல்ல. புத்தகம் வாங்க வசதியில்லாத காலத்தில் மூத்தவர் ஒரு வரி சொல்ல, சபை அதையே மிக மெதுவாக நீட்டிப் பாடும் பழைய பாப்டிஸ்ட் முறையின் வாரிசு. வித்தியாசம், சபை முழுக்கச் செய்ததை இங்கே ஒரு தொண்டை செய்கிறது. நியூட்டனின் ஆறு சரணத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் பாடவே இல்லை.

முதல் தடவை கேட்பவர்களில் பலர் இந்தப் பாட்டில்தான் கழன்றுகொள்கிறார்கள். காரணம், மெட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். வரி எப்போது முடியும் என்று பார்க்காதீர்கள். மூச்சு எங்கே எடுக்கிறார் என்று பாருங்கள். சொல் முடியும் இடத்தில் பெரும்பாலும் மூச்சு எடுப்பதில்லை. சொல்லின் நடுவே எடுத்து, அடுத்த வரியின் தலையோடு சேர்த்துவிடுகிறார். கேட்பவனுக்கு இறங்க நிறுத்தமே கிடைக்காது. கிளீவ்லாண்டுக்கே கிடைக்கவில்லை. கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்து அழுததைப் படத்தில் பார்க்கலாம்.

‘மேரி, டோன்ட் யூ வீப்’ இதற்கு நேர்மாறு. ஆணி அடித்தது போன்ற மெதுவான தாளம், கொயர் திரும்பத் திரும்ப ‘மேரி’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் நின்று அரேத்தா பைபிளில் லாசரு உயிர்த்தெழும் கதையைச் சொல்கிறார். லாசருவின் சகோதரி மரியாளாகவும் அவரே, இயேசுவாகவும் அவரே. லாசருவை மூன்று தடவை கூப்பிடும் இடத்தைக் கவனியுங்கள், ஒவ்வொரு கூப்பாடும் வேறு உயரம், வேறு குரல். கடைசியில் அவன் எழுந்து இயல்பான ஒரு மனிதனைப் போல நடந்தான் என்று முடிக்கும்போது கூட்டம் கத்துகிறது. 1967-இல் ‘நேச்சுரல் வுமன்’ பாடிப் புகழ் பெற்றவரின் வாயிலிருந்து ‘நேச்சுரல் மேன்’ வருவதை அங்கே இருந்தவர்கள் கவனிக்காமல் இருந்திருப்பார்களா என்ன.

இதுபோல் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வந்து ஏற்றுவதற்குக் காஸ்பல், அதாவது கறுப்பினச் சர்ச் இசை, பாடுபவர்கள் ‘வேம்ப்’ என்கிறார்கள். கச்சேரியில் நிரவல் கேட்டுப் பழகியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு வித்தியாசம்: நிரவலில் பக்கவாத்தியம் பதில் சொல்லும், இங்கே கொயர் பதில் சொல்லும். ‘பிரெஷஸ் லார்ட்’ பாட்டையும் ‘யூ ஹேவ் காட் எ ஃபிரெண்ட்’ பாட்டையும் இணைத்த பகுதியில் இந்த நுட்பம் வேறு விதமாக வருகிறது. முன்னது 1932-இல் மனைவியைப் பிரசவத்தில் இழந்த தாமஸ் டார்சி எழுதியது. பின்னது கரோல் கிங்கின் சினேகிதப் பாட்டு. ஒன்றன் மேல் ஒன்றாக அவற்றை அடுக்கிவிடுகிறார்கள், கரோல் கிங்கின் ‘நண்பன்’ யார் என்பது ஒரு சொல்லும் விளக்காமலே மாறிவிடுகிறது. இரண்டையும் தனித்தனியாக ஒருமுறை கேட்டுவிட்டு இதற்கு வந்தால்தான் வேலைப்பாடு தெரியும்.

முழுப் பதிவின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பேச்சு அதிகம். ஆர்கன் முன்னுரையும் கொயரின் வருகையும் இரண்டு இரவுக்கும் தனித்தனியாக வருவதால், பாட்டுக்கு மட்டும் அவசரப்படுபவர் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருக்கும். ‘மை ஸ்வீட் லார்ட்’ மெட்டை வாத்தியமாக மட்டும் வாசிக்கும் பகுதிகள் சாதாரணம்தான், இரண்டாம் முறை கேட்கத் தோன்றாது. (ஜார்ஜ் ஹாரிசன் ‘ஹரே கிருஷ்ணா’ போட்டு எழுதிய பாட்டு பாப்டிஸ்ட் சர்ச்சில் ஒலிக்கிறதே என்று ஒரு புன்னகைக்கு இடம் உண்டு.) ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ நாடக மேடைப் பாட்டின் வாடையை முழுதாக விடவில்லை.

பழைய இசைத்தட்டு வாங்குபவர்களுக்கு: அட்லாண்டிக் எஸ்டி 2-906 என்ற எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் 20 முதல் 22 நிமிடம், அது ஆரோக்கியமான நீளம். சிக்கல் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. தலைப்புப் பாட்டு அந்தப் பக்கத்தின் கடைசி, அதாவது தட்டின் உள்பகுதி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும்போது வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 20 சொச்சம்தான். அதே ஒலியை அரைக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. உச்சக் குரலில் பிருகா உருளும் இடங்கள் அங்கே வந்து மாட்டிக்கொள்வதால், தேய்ந்த ஊசியால் பலமுறை ஓட்டப்பட்ட தட்டில் அந்தப் பாட்டு மணலை அரைப்பது போல் கேட்கும். கடையில் போட்டுக் காட்டச் சொன்னால் முதல் பக்கத்தின் முதல் பாட்டைப் போடுவார்கள், எந்தத் தட்டும் அங்கே நன்றாகத்தான் கேட்கும். இரண்டாம் பக்கத்தின் கடைசி மூன்று நிமிடத்தைப் போடச் சொல்லுங்கள். வீட்டில் கூம்பு முனை ஊசி இருந்தால் நீள்வட்ட முனைக்கு மாறுவது இந்த ஒரு பாட்டுக்காகவே தகும். ஊசியின் எடையைத் தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே வையுங்கள், குறைத்தால் தட்டு பிழைக்கும் என்பது தப்புக் கணக்கு. எடை குறைந்தால் ஊசி பள்ளத்தில் துள்ளும், துள்ளினால் சுவர் உடையும்.

செயலியில் கேட்பவர்கள் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். வரிசை மாற்றி ஒலிக்கும் ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் கலக்கும் கிராஸ்ஃபேடைச் சுழியத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் கைத்தட்டலிலிருந்து பேச்சுக்கு மாறும் இடமெல்லாம் கஞ்சியாகிவிடும். இடைவெளி இல்லாமல் ஒலிக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். ஒலி அளவைச் சமன்செய்யும் வசதி பாட்டுக்குப் பாட்டு வேலை செய்கிறதா, ஆல்பம் முழுமைக்கும் ஒரே அளவாகச் செய்கிறதா என்று பாருங்கள். பாட்டுக்குப் பாட்டு என்றால் கிளீவ்லாண்டின் மெல்லிய பேச்சும் ‘ஓல்ட் லேண்ட்மார்க்’ பாட்டின் இடியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும், ஏற்றம் என்பதே போய்விடும். 14 பகுதிகள் இருந்தால் அது இசைத்தட்டு வடிவம், இரண்டு இரவுகளாகப் பிரித்திருந்தால் முழுப் பதிவு.

போனின் சொந்த ஒலிபெருக்கியில் இதைக் கேட்க வேண்டாம். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், போன் அந்தப் பக்கமே போகாது. ரெய்னி காணாமல் போனால் கொயர் அந்தரத்தில் தொங்கும். அதற்காகப் பேஸைத் தூக்கிக் காட்டும் விருந்து ஒலிபெருக்கிக்குப் போனால் எதிர்க் கோளாறு. ஆர்கனின் அடிச்சுரங்கள் வீங்கி, கொயரின் ஆண் குரல்களை மூடிவிடும். சாதாரண வயர் ஹெட்போன் போதும், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. கூட்டத்தின் பதில் அரேத்தாவின் குரலுக்குப் பின்னாலும் பக்கத்திலும் விரிவது அதில் தெளிவாகக் கிடைக்கும்.

படத்தைப் பற்றி. இயக்குநர் சிட்னி பொல்லாக் பல கேமராக்களை வைத்து 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் சுமார் 20 மணி நேரம் எடுத்தார். ஆனால் கிளாப் பலகை அடிக்கவில்லை. கிளாப் என்பது சடங்கல்ல. பலகை மூடும் படச்சட்டமும் ‘டக்’ என்ற ஒலியும் சேரும் புள்ளியை வைத்துத்தான் தனியாக ஓடும் ஒலிநாடாவையும் படத்தையும் ஒட்டவைக்க முடியும். 16 மில்லிமீட்டரின் வழக்கமான 400 அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். நின்று நின்று ஓடிய கேமராக்களின் ஒவ்வொரு துண்டுக்கும் அந்தப் புள்ளி வேண்டும். ஒன்றுகூட இல்லை. உதட்டைப் பார்த்து ஒட்டலாம் என்று முயன்று அந்தக் காலத்தில் கைவிட்டார்கள். தயாரிப்பாளர் ஆலன் எலியட் 2007-இல் படச்சுருள்களை வாங்கி, கணினி உதவியோடு பொருத்தினார். அரேத்தா வழக்குப் போட்டு நிறுத்தினார், 2015-இல் டெல்யூரைட் திரைப்பட விழாத் திரையிடலும் தடைபட்டது. 2018 ஆகஸ்ட் 16 அன்று அவர் இறந்த பிறகு, குடும்பம் சம்மதித்து வெளிவந்தது.

பாட்டுப் பதிவுக்குப் பதிலாக இதை வாங்கக் கூடாது, பல பாட்டுகள் இல்லை. அதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒலியில் தெரியாத இரண்டு விஷயங்கள் இதில் தெரியும். ஒன்று, அரேத்தா ஏறக்குறைய பேசுவதே இல்லை. முதல் நாள் வெள்ளை அங்கியிலும் மறுநாள் பச்சையிலும் வருகிறார், பாடுகிறார், பாட்டு முடிந்ததும் தலை குனிந்து நிற்கிறார். கூட்டத்தை நடத்தும் பொறுப்பு முழுக்கக் கிளீவ்லாண்டுடையது. சிடியில் மட்டும் கேட்டால் இந்த வேலைப் பிரிவினை பிடிபடாது. இரண்டு, வியர்வை. ‘நெவர் குரோ ஓல்ட்’ பாட்டை அவர் பியானோவில் அமர்ந்து பாடும்போது அப்பா எழுந்துவந்து மகளின் முகத்தைத் துடைத்துவிடுகிறார், மகள் ஒரு சுரத்தையும் விடாமல் வாசித்துக்கொண்டே போகிறார்.

இதன் பிறகு அரேத்தாவின் காஸ்பலில் இன்னும் என்ன வாங்கலாம் என்று கேட்டால், 1987 இரட்டை ஆல்பத்தைப் பலர் காட்டுவார்கள். டெட்ராய்ட்டில் அப்பாவின் பழைய சர்ச்சிலேயே பதிவானது. மேவிஸ் ஸ்டேப்பிள்ஸோடு பாடிய ‘ஓ ஹேப்பி டே’ கேட்கத் தகும். மற்றபடி ஜெஸ்ஸி ஜாக்சன் உள்ளிட்டோர் பேச்சு அதில் மிகுதி, அந்தப் பேச்சு பாட்டைச் சூடேற்றவும் இல்லை. கிளீவ்லாண்டைப் போல ஒருவர் நடத்தாததன் விலை அது. தள்ளுபடியில் கிடைத்தால் வாங்கலாம்.

அதைவிட 1956 பதிவைத் தேடுங்கள். ஒலி சுமார்தான், தூரத்தில் பாடுவது போல இருக்கும், கூட்டத்தின் சத்தம் குரலை விழுங்கும் இடங்களும் உண்டு. விலை கொடுத்துப் புதிய மறுபதிப்பு வாங்கினாலும் இது பெரிதாக மாறாது, மூலமே அப்படி. ஆனால் அதிலும் ‘நெவர் குரோ ஓல்ட்’ இருக்கிறது. 14 வயதில் பாடியதை முதலில் போட்டு, உடனே முழுப் பதிவின் இரண்டாம் சிடியிலிருந்து 29 வயதில் பாடியதைப் போடுங்கள். இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு நான்காம் பக்கத்தின் கடைசி, 9 நிமிடம் 57 விநாடி. சிறுமியின் குரல் ஒவ்வொரு வரியின் முடிவிலும் மேலே பாய்கிறது. பெரியவர் அதே இடங்களில் பல தடவை பாய்வதில்லை, பியானோவை ஒரு அடி ஓடவிட்டு, கூட்டம் கேட்ட பிறகு தருகிறார்.